மரத்துக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்குமா?

முதலில் ஒரு புதிர். வாசலில் நிற்கும் வேப்ப மரத்தில், தரையிலிருந்து 4 அடி உயரத்தில் ஓர் ஆணி அடித்து ஹெல்மெட்டை மாட்டுகிறார் அப்பா. மரம் ஆண்டுக்கு ஓர் அடி உயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 ஆண்டு கழித்து அந்த ஹெல்மெட்டை எடுக்க ஏணி தேவைப்படுமா?

தேவைப்படாது. ஆணி அதே 4 அடியில்தான் இருக்கும். மரம் உயர்வது கிளை நுனிகளில் மட்டுமே. அடிமரம் மேலே போகாது, பருக்கத்தான் செய்யும். அதனால் ஆணியும் மேலே ஏறாது; வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக மரத்துக்குள் புதையும்.

என் தம்பி வீட்டு வேப்ப மரத்தில் அப்படிப் பாதி புதைந்த ஆணி ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அந்த மரத்தடிதான் அவனுக்கு ஒர்க் ஷாப். அவனிடம் இரண்டு பழைய வண்டிகள் உண்டு. ஒன்று புல்லட்; இந்தியாவில் இதன் தயாரிப்பு 1955-இல் சென்னை திருவொற்றியூரில் தொடங்கியது. இன்னொன்று மைசூரில் தயாரான யெஸ்டி. யெஸ்டியில் ஒரு வேடிக்கை உண்டு: கிக்கரும் கியர் லீவரும் ஒன்றேதான். மேலே தூக்கி நிறுத்தினால் கிக்கர், மடக்கினால் கியர்.

பழைய புல்லட்டைக் கிளப்புவது தனி வித்தை. எடுத்ததும் உதைக்கக் கூடாது. கிக்கரை மெதுவாக அழுத்த வேண்டும். பிஸ்டன் மேலே வந்து காற்றை நெருக்கும்போது கிக்கர் முரண்டு பிடிக்கும். அப்போது ஹெட்லைட் பக்கம் இருக்கும் ஆம்பியர் முள்ளைப் பார்க்க வேண்டும். முள் நடுவுக்கு வந்ததும் டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்தபடி கிக்கரை இன்னும் கொஞ்சம் அழுத்தினால், சிலிண்டருக்குள் அடைபட்ட காற்று ‘புஸ்’ என்று வெளியேறும். பிஸ்டன் உச்சியைத் தாண்டும். இப்போது லீவரை விட்டுவிட்டு ஒரே உதை. டுப்... டுப்... டுப்!

ஒரு ஞாயிறு அப்படித்தான் வண்டி கிளம்பிவிட்டது. ஆனால் தம்பி மகள் மரத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கத்துக் கிளைகள் நுனியிலிருந்து கருகி, இலைகள் பழுப்பாகத் தொங்கின.

“பெரியப்பா, அப்பா பிளக்கு மாத்துறாரு, செயின் மாத்துறாரு. மரத்துக்கும் கெட்டுப்போனதைக் கழட்டி மாத்த முடியாதா?”

நல்ல கேள்வி. வண்டிக்கு எதிரி துரு. இரும்போடு காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஈரமும் சேர்ந்தால் துரு பிடிக்கும். உப்புக் காற்று வீசும் கடலோர ஊர்களில் இன்னும் வேகமாகப் பிடிக்கும். துரு ஏறிய மட்கார்டைத் தேய்த்து பெயின்ட் அடிக்கலாம், தேய்ந்த பிஸ்டன் ரிங்கைக் கழற்றிப் புதிதாகப் போடலாம். வண்டிக்குத் தானாகச் சரியாகிக்கொள்ளத் தெரியாது. நாம் மாற்றினால் உண்டு.

நம் உடம்பு வேறு மாதிரி. முழங்கால் சிராய்த்தால், போன தோலின் இடத்திலேயே புதுத் தோல் வளர்கிறது.

மரம் இந்த இரண்டிலும் சேராது. அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த அலெக்ஸ் ஷைகோ என்ற விஞ்ஞானி, ஆயிரக்கணக்கான மரங்களை ரம்பத்தால் நெடுக்குவாக்கில் அறுத்து, பழைய காயங்கள் உள்ளே என்ன ஆகின என்று பார்த்தார். அவர் கண்டதும் 1977-இல் விளக்கி எழுதியதும் இதுதான்: அடிபட்ட கட்டையை மரம் சரிசெய்வதே இல்லை. அதை அப்படியே விட்டுவிட்டு, சுற்றிலும் தடுப்புகளை எழுப்புகிறது. மேலும் கீழும் பரவாமலிருக்க நீர்க்குழாய்களை அடைக்கிறது. உள்ளேயும் பக்கவாட்டிலும் பரவாதபடி ரசாயனங்களை நிரப்புகிறது. பிறகு வெளிப்பக்கமாகப் புதுக் கட்டையை வளர்க்கிறது. கரையான் அரித்த அறையைப் பூட்டிவிட்டு, பக்கத்தில் புது அறை கட்டிக் குடியேறுகிற குடும்பத்தைப் போல!

நடுவில் பொந்து விழுந்த புளிய மரம் காய்த்துக் குலுங்குவதைப் பார்த்திருப்பீர்களே? ரகசியம் இதுதான். மரத்தைப் பருக்க வைக்கும் உயிருள்ள அடுக்கு பட்டைக்கு அடியில் மெல்லியதாக இருக்கிறது. நடுக்கட்டை போனாலும் அது இருந்தால் மரம் பிழைக்கும். பட்டையைச் சுற்றிலும் வளையமாக உரித்துவிட்டால், நடுக்கட்டை எவ்வளவு திடமாக இருந்தாலும் மரம் பட்டுப்போகும். வண்டியைப் பூட்ட மரத்தைச் சுற்றி இறுக்கமாகச் சங்கிலி கட்டி வருஷக்கணக்கில் விட்டுவிடுவதும் ஆபத்துதான். மரம் பருக்கப் பருக்கச் சங்கிலி அந்த அடுக்கை நெரிக்கும்.

சரி, தம்பி வீட்டு மரத்துக்கு என்ன நோய்? மாசி, பங்குனியில் வேப்ப மரம் இலை உதிர்ப்பது வழக்கம்; உடனே துளிர்த்துவிடும். ஆனால் இது மழைக்காலம் முடியும் நேரம். இலைகளும் உதிராமல் காய்ந்து தொங்கின. அதுதான் துப்பு! இலையை உதிர்ப்பது மரம் செய்கிற ஒரு வேலை. காம்பின் அடியில் ஓர் அடுக்கை உண்டாக்கி, மரமே இலையைக் கழற்றிவிடுகிறது. கிளை திடீரென்று செத்துப்போனால் அந்த வேலையைச் செய்ய ஆளில்லை. இலை அப்படியே தொங்கும்.

இது வேம்பைத் தாக்கும் நுனிக்கருகல். ஒரு வகைப் பூஞ்சை இதற்குக் காரணம். தேயிலைக் கொசு என்ற சாறு உறிஞ்சும் பூச்சியும் இளந்தளிர்களைக் கருக்கும். பெயரில் கொசு இருந்தாலும் அது கொசு இல்லை, நாவாய்ப் பூச்சி இனம். பயப்பட வேண்டாம், பெரிய மரங்கள் பல கோடையில் மீண்டும் துளிர்த்துவிடுகின்றன.

கிளைக்கு உயிர் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? காய்ந்த மாதிரி தெரியும் குச்சியை நகத்தால் லேசாகக் கீறினோம். நுனியில் பழுப்பு. ஒரு சாண் தள்ளிக் கீறியபோதும் பழுப்பு. இன்னும் கொஞ்சம் தள்ளிக் கீறியதும் ஈரப் பச்சை தெரிந்தது. உயிர் அங்கே தொடங்குகிறது!

காய்ந்த கிளையைப் பெரியவர்கள்தான் வெட்ட வேண்டும். அதற்கும் முறை உண்டு. கிளை தண்டோடு சேரும் இடத்தில் கொஞ்சம் புடைத்திருக்கும் அல்லவா? அந்தப் புடைப்பை விட்டுவிட்டு, அதை ஒட்டி வெளியே வெட்ட வேண்டும். காயத்தை மூடும் வேலை அந்தப் புடைப்பிலிருந்துதான் தொடங்கும்.

இனி வேருக்கு வருவோம். சத்துகளையும் நீரையும் உறிஞ்சும் சன்ன வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணின் 2 அடிக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றுக்கும் மூச்சு விட ஆக்சிஜன் வேண்டும். வண்டியிலிருந்து வடிக்கும் வேஸ்ட் ஆயிலை மரத்தடியில் ஊற்றினால், மண்ணின் துளைகளை அது அடைத்துவிடும், தண்ணீரும் இறங்காது. அதில் எஞ்சின் தேய்மானத்தால் வந்த உலோகத் துகள்களும் இருக்கும். அடிமரம் வரை சிமென்ட் பூசுவதும் வேரின் மூச்சை அடைக்கும். ஆயிலைப் பழைய கேனில் பிடித்து, வேஸ்ட் ஆயில் வாங்குகிறவரிடம் கொடுப்பதே சரி. ஆயில் மாற்றும் வேலையை மரத்தடியிலிருந்து தள்ளி வைத்துக்கொள்ளலாம்.

செய்து பாருங்கள்:

கிளை வெட்டிய தழும்பு கைக்கெட்டும் உயரத்தில் உள்ள மரத்தைத் தேடுங்கள். தழும்பின் ஓரத்தில் உருண்டையாக ஒரு விளிம்பு எழும்பியிருக்கும். மெல்லிய காகிதத்தை அதன் மேல் வைத்து, நடுவில் திறந்திருக்கும் பகுதியின் வடிவத்தைப் பென்சிலால் வரைந்து, தேதி எழுதி வையுங்கள். 6 மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடி வரைந்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். வட்டம் எவ்வளவு சுருங்கியிருக்கிறதோ, அவ்வளவு புதுக் கட்டையை மரம் வளர்த்திருக்கிறது. நன்றாகச் சுருங்கியிருந்தால் மரம் தெம்பாக இருக்கிறது. கொஞ்சமும் சுருங்கவில்லை என்றால் வேர்ப்பக்கம் குனிந்து, அங்கே சிமென்டோ ஆயிலோ இருக்கிறதா என்று பாருங்கள்.