விளையாட்டு உபகாரச் சம்பளம்: இடங்கள் குறைந்த கதை

படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளைக்கு உபகாரச் சம்பளம் கிடைத்தால் நாம் வியப்பதில்லை. பந்து விளையாடுவதில் கெட்டிக்காரப் பிள்ளைக்கும் அது கிடைக்கின்ற நாடு அமெரிக்கா. அங்கே ஒரு கல்லூரியின் பயிற்சியாளர் ஒரு மாணவனைத் தேர்ந்தெடுத்துவிட்டால், படிப்புக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் எல்லாவற்றையும் கல்லூரியே ஏற்றுக்கொள்ளும். 1956-ஆம் ஆண்டு முதல் இது வெளிப்படையாகவே அனுமதிக்கப்பட்ட முறை. கையில் காசில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு, முக்கியமாகக் கறுப்பின மக்களின் பிள்ளைகளுக்கு, பட்டப்படிப்புக்குள் நுழைய இது ஒரு வாசல். அந்த வாசலின் அகலத்தை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கர்கள் காற்பந்து என்று சொல்வது நம் தோட்டத்துத் திடலில் உதைக்கின்ற பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடுவார்கள். தலைக்கவசம் போட்டுக்கொண்டு மோதிக்கொள்வார்கள். களத்தில் நிற்பது அங்கும் 11 பேர்தான். ஆனால் முன்னேறித் தாக்க ஒரு 11 பேர், தடுக்க வேறு 11 பேர், பந்தை உதைப்பதற்கென்றே தனி ஆட்கள். காயமும் அதிகம். ஆகவே குழுவுக்கு ஆட்கள் நிறைய வேண்டும். எத்தனை பேர் என்பதில்தான் சண்டை.

ஒரு காலத்தில் இதற்கு நாடு முழுவதற்குமான பொது வரம்பு இருக்கவில்லை. வசதியுள்ள கல்லூரி, தனக்குத் தேவையான ஆட்களோடு, எதிர்க் கல்லூரிக்குப் போய்விடக் கூடாதே என்பதற்காகவும் சிலரைச் சேர்த்து ஓரமாக உட்கார வைக்க முடிந்தது. 1973-இல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் காற்பந்துக்கு 105 இடம் என்று வரையறுத்தது. 1978-இல் மேல்நிலைக் கல்லூரிகளுக்கு அது 95 ஆயிற்று. 1991 ஜனவரியில் கூடிய மாநாடு மீண்டும் குறைக்கத் தீர்மானித்தது. 92, 88 என்று படிப்படியாக இறங்கி, 1994-இல் 85-இல் வந்து நின்றது. ஆண்கள் கூடைப்பந்தில் 15 இடங்கள் 13 ஆயின.

குறைக்கச் சொன்னவர்களிடமும் நியாயம் இருந்தது. சம்பளம் வாங்கி ஆடும் தொழில்முறைக் குழுவே அதைவிடக் குறைந்த ஆட்களோடு நடக்கும்போது கல்லூரிக்கு 95 எதற்கு என்று கேட்டார்கள். கல்வியில் பெண்களுக்குச் சம உரிமை தரும் சட்டம் அங்கே 1972-இல் வந்தது. காற்பந்தில் ஆண்களுக்கு இத்தனை இடங்கள். பெண்களுக்கு அதற்கு ஈடாக அத்தனை பெரிய ஆட்டம் எதுவும் இல்லை. பெரிய கல்லூரிகள் வளைத்துப் போட முடியாத ஆட்டக்காரன் சிறிய கல்லூரிக்கு வருவான், போட்டியும் சமமாகும் என்பது இன்னொரு வாதம்.

ஆனால் கணக்கை மறுபக்கம் புரட்டிப் பாருங்கள். காற்பந்து, கூடைப்பந்து இரண்டிலும் அப்போது தலைக்கணக்குதான் இருந்தது. அரைச் சம்பளம் கொடுத்தாலும் ஓர் ஆள் ஓர் ஆளே. பேஸ்பால் ஆட்டத்தில் 11.7 உபகாரச் சம்பளங்களை 27 பேருக்குப் பங்கு போட முடிந்தது. இங்கே அது முடியவில்லை. கூடைப்பந்தில் ஓர் இடத்தை எடுத்தால், ஏறக்குறைய 300 கல்லூரிகளில் 300 பிள்ளைகளின் முழுப் படிப்பு போகிறது. அந்த ஆட்டத்தில் கறுப்பின மாணவர்களே மிகுதி. ஆகவேதான் 1994 ஜனவரியில் பதினான்காவது இடத்தையாவது திருப்பித் தாருங்கள் என்ற கோரிக்கையை மாநாடு தோற்கடித்தபோது, கறுப்பினப் பயிற்சியாளர் சங்கம் ஆட்டங்களைப் புறக்கணிக்கப் போவதாக எச்சரித்தது. நாடாளுமன்றத்தின் கறுப்பின உறுப்பினர்கள் தலையிட்ட பிறகே அது நின்றது. ஒரே ஓர் இடத்துக்கா இவ்வளவு என்று நகர்ப்புறத்தில் யாராவது சிரிக்கலாம். ஆறாம் வகுப்போடு பிள்ளையை நிறுத்தியிருக்கும் வீட்டில் சிரிக்க மாட்டார்கள்.

என்னைக் கேட்டால், எண்ணிக்கையைவிடப் பெரிய வெட்டு வேறொன்று. அதே 1973-இல் இந்த உபகாரச் சம்பளம் ஓராண்டுக்கு மட்டும் என்று ஆக்கப்பட்டது. அடுத்த ஆண்டும் கிடைக்க வேண்டுமானால் கல்லூரி புதுப்பிக்க வேண்டியிருந்தது. முழங்கால் உடைந்தவனையும், ஆட்டம் குறைந்தவனையும் ஆண்டு முடிவில் கழித்துவிட வழி பிறந்தது. கங்காணியின் தயவில் செக்ரோலில் பேர் நின்ற காலத்தை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஏறத்தாழ அந்த நிலைதான். இடம் 85 என்று குறைந்திருக்கும்போது, ஒருவனைக் கழித்தால்தான் இன்னொருவனைச் சேர்க்க முடியும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பல ஆண்டுகளுக்கு உறுதி தர 2012-இல்தான் மீண்டும் அனுமதி வந்தது. அதுவும் கல்லூரி விரும்பினால்.

இந்த வரம்புகள் 2025 ஜூன் மாதம் ஒரு வழக்கின் சமரசத்தால் மாறின. அதை ஏற்ற கல்லூரிகளுக்கு இனி உபகாரச் சம்பள வரம்பு இல்லை. குழுவின் மொத்த ஆட்களுக்குத்தான் வரம்பு. காற்பந்தில் 105, கூடைப்பந்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் 15. 1973-இன் அதே 105! அன்று அது சம்பளம் பெறுவோரின் எண்ணிக்கை. இன்று மொத்தக் குழு. 85 பேர் சம்பளத்தோடு ஆடிய காலத்தில், சொந்தச் செலவில் படித்துக்கொண்டு, ஒரு நாள் இடம் கிடைக்கும் என்று பயிற்சிக்கு வந்தவர்களையும் சேர்த்தால் பல குழுக்கள் 105-ஐத் தாண்டியிருந்தன. சமரசம் முடிவாகும் முன்பே அவர்களில் பலருடைய பெயர் நீக்கப்பட்டது. இதைக் கண்ட நீதிபதி ஏப்ரலில் ஒப்புதல் தராமல் நிறுத்தினார். பிறகு, அப்படி நீக்கப்பட்டவர்களை வரம்பில் கணக்கிடாமல் சேர்த்துக்கொள்ளலாம் என்று திருத்தினார்கள். சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்பது கல்லூரியின் விருப்பத்துக்கே விடப்பட்டது.