தோட்டத்துத் துப்பாக்கியும் முகதாட்சண்யமும்

மக்காச்சோளம் பால் பிடிக்கும் பருவத்திலும், நிலக்கடலை காய் முற்றும் பருவத்திலும் சிறுமலை அடிவாரம், நத்தம், அய்யலூர், கன்னிவாடி ஆகிய பகுதிகளில் இரவுக் காவல் தொடங்கிவிடுகிறது. காட்டுப்பன்றிக் கூட்டம் ஒன்று புகுந்தால் விடிவதற்குள் தோட்டத்தை உழுதுபோட்டுவிடும். எனவே விவசாயிகள் டார்ச் விளக்கும் தகர டப்பாவுமாகப் பரண் ஏறுகின்றனர். அவர்களுள் சிலரிடம் துப்பாக்கியும் இருக்கிறது. உரிமம் பெற்றவையும் உண்டு; பெறாதவையும் உண்டு.

அத்தகைய துப்பாக்கிக்கு உரியவர் பெரும்பாலும் அயலார் அல்லர். பக்கத்துத் தோட்டக்காரராகவோ, பங்காளியாகவோ, மைத்துனராகவோ இருப்பார். ஆத்திர அவசரத்துக்குத் தண்ணீர் விடுபவரும் அவரே. ஆகவே அவர் துப்பாக்கியைக் கவனமின்றிக் கையாளும்போது எடுத்துச் சொல்ல நாக்கு எழுவதில்லை. இந்த முகதாட்சண்யமே பல விபத்துகளுக்கு இடம் கொடுக்கிறது. இதை எவ்வாறு கடப்பது என்பதை விவசாயிகள் அறிந்திருத்தல் அவசியம்.

நாட்டுத் துப்பாக்கியின் தன்மை

தோட்டங்களில் காணப்படுவது பெரும்பாலும் குழலின் வாய் வழியாக மருந்து இடிக்கும் ஒற்றைக்குழல் துப்பாக்கி. மருந்தைக் கொட்டி, தக்கை வைத்து, ரவையைப் போட்டுக் கம்பியால் இடித்து இறுக்குவார்கள். பின்புறம் பொருத்திய தொப்பியின் மேல் குதிரை விழும்போது பொறி பறந்து மருந்து வெடிக்கும்.

தோட்டா போடும் துப்பாக்கியைத் திறந்து பார்த்தால் உள்ளே தோட்டா உண்டா இல்லையா என்பது தெரிந்துவிடும். இதில் அப்படித் தெரியாது. மேலும், ஒருமுறை இடித்த மருந்தை எளிதில் வெளியே எடுக்கவும் முடியாது. மாலையில் மருந்து இடிக்கிறார்கள். அன்றிரவு பன்றி வருவதில்லை. காலையில் துப்பாக்கியை அப்படியே மோட்டார் அறையின் மூலையில் சாய்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பகலில் மோட்டார் போட வரும் மகனோ, விளையாட வரும் பேரக் குழந்தையோ அதை எடுத்தால் என்ன ஆகும்? தொப்பியைக் கழற்றிவிட்டோம் என்பது போதுமான பாதுகாப்பு ஆகாது. உள்ளே மருந்து இருக்கும் வரை ஆபத்தும் இருக்கும்.

மருந்தில் ஈரம் ஏறினால் குதிரை விழுந்தவுடன் வெடிக்காமல், சற்றுப் பொறுத்து வெடிப்பதும் உண்டு. 'என்ன ஆயிற்று?' என்று குழல் வாயைத் திருப்பிப் பார்ப்பவர் முகத்திலேயே அது வெடிக்கலாம். தரமற்ற இரும்புக் குழாயில் செய்த துப்பாக்கியில் அளவுக்கு மீறி மருந்து இடித்தாலும், பால்ரஸ் குண்டுகளை நெருக்கி அடைத்தாலும் குழலே வெடித்துச் சுடுபவரின் கையையும் கண்ணையும் பறித்துவிடும்.

இருட்டில் அசைவது எது?

சோளத்தட்டைகளுக்கு இடையே இரவில் ஏதோ அசைகிறது. பன்றி என்று கருதிச் சுடுகிறார் ஒருவர். ஆனால் திண்டுக்கல் சமவெளியில் மும்முனை மின்சாரம் இரவில் வரும் நாட்களில், அந்த நேரத்தில் மடை திருப்ப நடமாடுபவர்கள் விவசாயிகளே. தலையில் துண்டு கட்டிக் குனிந்து வாய்க்காலில் மண் வெட்டுபவரும் இருட்டில் ஓர் அசைவாகத்தான் தெரிவார். கண்ணுக்கு முழுமையாகத் தெரியாத ஒன்றின் மேலும், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாத திசையிலும் சுடுவது பயிர்ப் பாதுகாப்பு ஆகாது.

எச்சரிக்கை அடையாளங்கள்

கீழ்க்கண்டவற்றுள் ஒன்றைக் கண்டாலும் அலட்சியம் கூடாது.

1. மருந்து இடித்த துப்பாக்கியைப் பூட்டின்றி வைத்தல்.
2. குழலை மனிதர்களை நோக்கித் திருப்புதல். விளையாட்டாகக் குறி பார்த்தல்.
3. மது அருந்திவிட்டுத் துப்பாக்கியைத் தொடுதல்.
4. சிறுவர்களிடமும் உரிமம் இல்லாத நண்பர்களிடமும் கொடுத்தல்.
5. வரப்புத் தகராறிலோ குடும்பச் சண்டையிலோ 'துப்பாக்கி இருக்கிறது' என்று பேசுதல்.

இவற்றுள் ஐந்தாவது மிகக் கொடியது. 2020 நவம்பரில் பழனி நகரில் ஒரு நிலத்தகராறின்போது துப்பாக்கிச் சூடு நடந்து, இருவர் மேல் குண்டு பாய்ந்தது. வாய்ச்சண்டை நடக்கும் இடத்தில் துப்பாக்கி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், கோபம் தணிவதற்கு நேரம் கிடைப்பதில்லை.

எவ்வாறு எடுத்துச் சொல்வது?

முதலாவது, துப்பாக்கி கையில் இருக்கும்போதோ, போதையில் இருக்கும்போதோ வாதிடக் கூடாது. குழல் திரும்பியுள்ள திசையிலிருந்து விலகி, குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு வெளியேறிவிட வேண்டும். 'அண்ணே, வேலை இருக்கிறது, காலையில் வருகிறேன்' என்றால் போதும்.

இரண்டாவது, மறுநாள் தனியாகச் சந்தித்துப் பேச வேண்டும். நாலு பேர் முன்னிலையில் தேநீர்க் கடையில் சொன்னால் அது அவமானமாகப்படும். வீம்புக்காகவே மீண்டும் அதையே செய்வார். குற்றம் சாட்டாமல், கண்டதை மட்டும் சொல்வது நல்லது. 'மாமா, நேற்று மோட்டார் அறையில் துப்பாக்கி பூட்டாமல் இருந்தது. நம் பிள்ளைகள் அங்கேதான் விளையாடுகிறார்கள். பெட்டியில் வைத்துப் பூட்டும் வரை பிள்ளைகளை அந்தப் பக்கம் அனுப்ப மாட்டேன்' என்று பணிவாகவும் உறுதியாகவும் கூறலாம்.

மூன்றாவது, சொல் பலிக்காவிட்டால் அவர் மதிக்கும் பெரியவர் ஒருவர் மூலமாகவோ, அவருடைய மனைவி, தாயார் மூலமாகவோ சொல்லிப் பார்க்கலாம். வீட்டில் உள்ள பெண்கள் இந்த ஆபத்தை முன்பே உணர்ந்து, சொல்ல வழியின்றி இருப்பதுண்டு.

நான்காவது, வேட்டைக்கு அழைத்தால் செல்லக் கூடாது; கறி அனுப்பினால் வாங்கக் கூடாது. 'சும்மா கூட வா' என்று அழைக்கப்பட்டுச் சென்றவரும் வழக்கில் சிக்குவார். குண்டடி படுபவரும் பெரும்பாலும் கூடச் சென்றவரே.

சட்டம் கூறுவது என்ன?

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இதற்குக் குறைந்தது 2 ஆண்டுகளும், கூடியது 5 ஆண்டுகளும் சிறைத்தண்டனையோடு அபராதமும் உண்டு. உரிமம் பெற்றவரே ஆயினும், பிறர் உயிருக்கு ஆபத்து நேரும் வகையில் கவனக்குறைவாகச் சுட்டால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். திருவிழாவிலும் கல்யாணத்திலும் வானை நோக்கிச் சுடுவதும் இதில் அடங்கும். 21 வயது நிரம்பாதவருக்கு உரிமம் கிடையாது.

பயிர்ப் பாதுகாப்பு உரிமம் வேட்டைக்கான அனுமதி அன்று. மயில், முயல், காட்டுப்பன்றி ஆகியவை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்பட்டவை. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் சேதம் விளைவிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுடத் தமிழக அரசு 2025 ஜனவரியில் வழி செய்தது. ஆயினும் சுடும் பொறுப்பு வனத்துறையினருக்கே உரியது, விவசாயிக்கு அன்று.

தந்தையார் காலமான பின் அவருடைய துப்பாக்கி வீட்டுப் பரணில் கிடப்பதும் சில இடங்களில் உண்டு. உரிமம் அவர் பெயரோடு முடிந்துவிட்டது. வாரிசுகள் அதைத் தாமதமின்றிக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, தேவையானால் தம் பெயரில் உரிமம் கோரலாம்.

காவல் நிலையம் செல்லலாமா?

'சொந்தக்காரரைக் காட்டிக் கொடுப்பதா?' என்ற தயக்கம் இயல்பானதே. ஆனால் ஆயுதச் சட்டத்தின் 36-ஆவது பிரிவு, இச்சட்டப்படியான குற்றம் நடந்ததை அறிந்தவர், தக்க காரணம் இல்லாவிட்டால், அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ நீதித்துறை நடுவருக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. மிரட்டல், குடிபோதை, குழந்தைகள் கைக்கு எட்டும் நிலை ஆகியவை இருந்தால் சமரசப் பேச்சுக்குக் காத்திராமல் 100 அல்லது 112 எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

உரிமமில்லாத துப்பாக்கியைத் தாமாக ஒப்படைக்க ஒருவர் முன்வந்தால் அவருக்குத் துணை நிற்பதே நல்ல நட்பு. கிருஷ்ணகிரி, சேலம் போன்ற மாவட்டங்களின் மலைக்கிராமங்களில் காவல்துறையின் வேண்டுகோளை ஏற்று மக்கள் தாமாகவே நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைத்துள்ளனர். வழக்கு வருமோ என்ற அச்சம் இருந்தால், முன்னதாக மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச ஆலோசனை பெறலாம்.

குண்டடி பட்டுவிட்டால் 'கட்டை குத்திவிட்டது' என்று மறைத்து நேரத்தைக் கடத்துதல் உயிருக்கே உலை வைக்கும். ரவையைத் தோண்டி எடுக்க முயலக் கூடாது. சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்து, உடனே 108 ஊர்தியை அழைக்க வேண்டும்.

துப்பாக்கியின்றிப் பயிர் காக்க

அண்டைத் தோட்டக்காரர்கள் சேர்ந்து முறைவைத்துக் காவல் இருத்தல் நல்ல பலன் தரும். யார் எங்கே நிற்கிறார் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய காட்டுப்பன்றி விரட்டியை வயலைச் சுற்றிக் கட்டலாம். இது குறித்துக் காந்திகிராம வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டறியலாம். சேதம் நேர்ந்தால் பயிரைப் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனத்துறையிடமும் இழப்பீட்டுக்கு மனுச் செய்யலாம். கம்பியில் நேரடி மின்சாரம் பாய்ச்சுவது மட்டும் அறவே கூடாது. அதுவும் மனிதனைக் கொல்லும்.

பன்றி தின்ற சோளத்தை அடுத்த பருவத்தில் விதைத்து எடுத்துவிடலாம். பிள்ளையை இழந்த வீட்டுக்கு அடுத்த பருவம் என்று ஒன்று இல்லை. ஆகவே பக்கத்துத் தோட்டத்து மோட்டார் அறையில் பூட்டாத துப்பாக்கியைக் கண்ட விவசாயி, மனவருத்தம் வரும் என்று எண்ணி வாளாவிருத்தல் தகாது. இரண்டு மாதம் பேசாமல் இருந்த பங்காளி பொங்கலுக்குப் பேசிவிடுவார்.