மலையேறும் வண்டியும் வெம்மையும்

சங்கராபுரத்துக்கு மேற்கே கல்வராயன் மலை நீண்டு கிடக்கின்றது. வெள்ளிமலை முதலிய மலையூர்களுக்குச் செல்லும் பாதை வளைந்து வளைந்து மேலேறும். சமவெளியில் களைப்பின்றி ஓடிய வண்டி, ஏற்றம் தொடங்கியதும் திணறுகின்றது. எஞ்சின் மிகுதியாக உழைக்கின்றது. வண்டியோ மெல்ல நகர்கின்றது. ஆதலின் முன்புறமிருந்து வீசிக் குளிர்விக்கும் காற்றும் குறைகின்றது. எஞ்சினை ஒட்டிய புகைக்குழாயின் வெம்மை அப்பொழுது உச்சத்தை அடையும்.

தொழிற்சாலையில் செய்த வண்டியில், எக்குழாய் எவ்வழியே செல்லவேண்டும் என்பதை அமைத்தோரே வகுத்துவிடுகின்றனர். இரண்டாம் உலகப்போரில் பெயர்பெற்ற ஜீப், போருக்குப் பின் நம் நாட்டிலும் பரவியது. அத்தகைய பழைய வண்டிகளில் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினைப் பொருத்துதல் பட்டறைகளில் வழக்கமாயிற்று. வேறோர் எஞ்சின் வந்தமர்ந்தால் பழைய ஒழுங்கு குலைகின்றது. ரேடியேட்டர் நீர் செல்லும் ரப்பர்க் குழாயும், டீசல் செல்லும் குழாயும் புகைக்குழாயின் அருகே நெருங்கிக் கிடக்க நேர்கின்றது.

சுமையுடன் ஏறும் வண்டியில், எஞ்சினை விட்டு வெளிப்படும் புகை 500 பாகை சென்டிகிரேடுக்கும் மேற்படும். இயற்கை ரப்பரோ 80 பாகை வெப்பத்தில் நெடுநாள் இருந்தாலே இறுகி வெடிக்கும். சிலிக்கோன் குழாய் 200 பாகைவரை தாங்குமெனினும் டீசலுக்கு உதவாது. டீசலில் ஊறி உப்பிவிடும். நீர்க்குழாய் வெடித்தால் வண்டி நடுவழியில் நின்றுபோகும். டீசல் கசிந்து கனலும் இரும்பின்மேல் சொட்டினாலோ வண்டியே தீப்பற்றக்கூடும்.

வெல்லம் காய்ச்சும் அடுப்பின் முன் நிற்பவர் முகம் காய்வதை உணர்வார். இடையில் ஒரு பனையோலையைப் பிடித்தால் அக்கணமே காய்ச்சல் தணியும். சுற்றியுள்ள காற்று மாறவில்லை. ஓலை தடுத்தது வெப்பக் கதிர்களையே. பொருளின் தனிவெப்பநிலை இருமடங்கானால் அதிலிருந்து வீசும் கதிர்வெப்பம் 16 மடங்காகும் என்னும் விதியை வியன்னா அறிஞர் ஸ்டெபான் 1879இல் கண்டார். புகைக்குழாயின் கொடுமைக்குக் காரணம் இதுவே.

ஆகவே முதற்காப்பு விலகியிருத்தலே. குழாயைச் சற்றுச் சுற்றி வேறுவழியே கொண்டுசெல்ல இயலுமாயின் பிற உபாயங்கள் பெரும்பாலும் வேண்டா. இடமில்லாதபோது பளபளப்பான அலுமினியத் தகட்டை நடுவே நிறுத்துவர். அது கதிர்களில் பெரும்பகுதியைத் திருப்பிவிடும். ஆனால் தகட்டின் இருபுறமும் ஏறக்குறைய ஒரு விரலகலம் காற்றிடை வேண்டும். தகடு ரப்பரைத் தொட்டுவிட்டால், காக்க வந்ததே வெம்மையைக் கடத்தும்! அலுமினியப் பூச்சுள்ள உறையை ரப்பர்க் குழாயின்மேல் அணிவித்தலும் உண்டு. அது தகட்டுக்குத் துணையேயன்றி மாற்றன்று.

முற்காலத்தில் புகைக்குழாயின்மேல் கல்நார்க் கயிறு சுற்றினர். அதன் தூள் நுரையீரலைக் கெடுப்பதால் இப்போது கண்ணாடியிழை நாடாவைச் சுற்றுகின்றனர். இதுவும் குறையற்றதன்று, மழைநீரை உள்ளே தேக்கி இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும்.

மலையுச்சியை அடைந்தவுடன் எஞ்சினை நிறுத்துவோர் பலர். விசிறியும் நீரோட்டமும் ஓய்ந்துவிடும். புகைக்குழாயின் சூடோ உடனே ஆறுவதில்லை. அது மூடிக்குள் தேங்கி, ரப்பரை மேலும் வாட்டும். சில நிமிடங்கள் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு நிறுத்துதல் இதனைக் குறைக்கும். வண்டி நன்கு ஆறியபின் மூடியைத் திறந்து குழாய்களை விரலால் அழுத்திப் பார்த்தல் வேண்டும். வளைவுகளிலும் கிளாம்பு இறுக்கிய இடங்களிலும் ரப்பர் இறுகியோ, உப்பியோ, கீறல் விட்டோ இருந்தால் அக்குழாய் மாற்றத்தக்கது.