ஓடுபாதையில் ஒரு ஹெவி லைசென்ஸ்

விமானம் இறங்கும் முன்பே ஒரு ஜீப் ஓடுபாதை முழுக்க ஓடிப் பார்த்துவிடும். கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம் வயர்லெஸ்ஸில் அனுமதி வாங்கிய பிறகே அது உள்ளே நுழைய முடியும். ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையத்தின் ஓடுபாதை நீளம் 1806 மீட்டர். ஜீப்பில் இருப்பவரின் கண்கள் அதில் ஒரு போல்ட்டையோ தார்ச் சில்லையோ தேடுகின்றன.

அற்பமான வேலை என்று எண்ணிவிடக் கூடாது. 2000 ஜூலை 25 அன்று பாரிஸில், முன்னே போன விமானத்திலிருந்து விழுந்த உலோகப் பட்டை ஒன்று கான்கார்ட் விமானத்தின் டயரைக் கிழித்தது. தெறித்த டயர்த் துண்டு எரிபொருள் தொட்டியைத் தாக்க, தீப்பிடித்து 113 பேர் மாண்டார்கள்.

பறவைகளும் ஆபத்துதான். விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் பருந்துகளை ஈர்க்கும் இறைச்சிக் கழிவைக் கொட்டக் கூடாது என்று விமான விதிகள் தடுக்கின்றன. கோழிப் பண்ணைகள் நிறைந்த சேலம், நாமக்கல் வட்டாரத்தில் அது ஊரே கவனிக்க வேண்டிய விதி.

ஆனால் நாமக்கல் இளைஞர்களுக்கு மிகவும் பொருந்தும் வேலை தீயணைப்புப் பிரிவில் இருக்கிறது. இந்திய விமான நிலைய ஆணையத்தின் தீயணைப்பு ஜூனியர் அசிஸ்டென்ட் பணிக்கு பிளஸ் டூ, அல்லது பத்தாம் வகுப்புக்குப் பின் மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் போன்ற டிப்ளமோ கேட்பார்கள். கூடவே ஓட்டுநர் உரிமம் வேண்டும். ஹெவி லைசென்ஸ் இருந்தால் நல்லது. லாரியும் பாடி கட்டும் பட்டறையுமாக வளர்ந்த ஊரில் அதற்கா பஞ்சம்?

விமான நிலையத் தீயணைப்பு வண்டி நகரத்து வண்டியைப் போல் நின்று குழாய் விரித்துக்கொண்டிருக்காது. அதன் கூரையில் நீர்ப் பீரங்கி உண்டு; ஓடிக்கொண்டே நுரை பீய்ச்சும். அபாய மணி அடித்து மூன்று நிமிடங்களுக்குள் ஓடுபாதையின் எந்த மூலைக்கும் போய்ச் சேர வேண்டும் என்பது உலக விதி. பெரிய வண்டியானாலும் 40 நொடிக்குள் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொட வேண்டும். ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீர் உள்ளே அலைமோத, அதைக் கவிழாமல் திருப்புவதற்குப் பழகிய கை வேண்டும்.

விமானத்தின் நீளம் கூடக் கூட நீரும் நுரையும் கூட வேண்டும். சேலம் கண்ட ஏடிஆர் 72 விமானத்தின் நீளம் சுமார் 27 மீட்டர். அதற்கு ஐந்தாம் வகைத் தீயணைப்பு ஏற்பாடு. ஏர்பஸ் ஏ320 என்றால் ஆறாம் வகை.

விமானம் வந்தாலும் வராவிட்டாலும், ஒவ்வொரு ஷிப்டும் வண்டிச் சோதனையோடுதான் தொடங்குகிறது: டயர்க் காற்று, தண்ணீர் மட்டம், சைரன்.