டப்பாவைத் திறந்ததும் முதலில் மூக்கு

பழைய பிலிம் சுருள்களைச் சேகரிப்பவர் டப்பாவைத் திறந்ததும் அது என்ன படம் என்று பார்ப்பதில்லை. மூக்கைக் கிட்டே கொண்டுபோகிறார். புளித்த காடி வாடை அடித்தால் டப்பாவை உடனே மூடித் தனியாக ஒதுக்கிவிடுவார். வாடை இல்லையென்றால் சுருளைத் தட்டையாக விளக்குக்கு எதிரே பிடிப்பார். சுற்றுகளின் ஊடே வெளிச்சம் மங்கலாகத் தெரிந்தால் அது பாலியெஸ்டர் பிலிம், புளிக்காது. வெளிச்சமே வராமல் இருட்டாக இருந்தால் அசிடேட். படத்தின் பெயரெல்லாம் இதற்குப் பிறகுதான்.

இத்தனைக்கும் அவர் கையில் இருப்பது முழுப் படம்கூட இல்லை. இரண்டு மணி நேரப் படத்தை எட்டு, ஒன்பது நிமிடமாக வெட்டி, வீட்டில் ஓட்டிப் பார்ப்பதற்கென்று விற்ற குட்டிச் சுருள். வீடியோ கேசட் வரும்வரை, பிடித்த சினிமாவை அலமாரியில் வைத்துக்கொள்ள அமெரிக்க, ஐரோப்பிய நடுத்தரக் குடும்பங்களுக்குக் கட்டுப்படியான வழி அதுதான். காஸில் ஃபிலிம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் யுனிவர்சல் ஸ்டுடியோவின் பேய்ப் படங்களை இப்படி நறுக்கி விற்றது. 1977இல் 121 நிமிடப் படமாக வந்த ‘ஸ்டார் வார்ஸ்’, கென் ஃபிலிம்ஸ் என்ற நிறுவனத்தின் கையில் எட்டு நிமிடச் சுருளாகி வீடுகளுக்குப் போனது.

ஏன் எட்டு நிமிடம்? கதையில் காரணம் தேட வேண்டாம், சக்கரத்தில் தேடவேண்டும். 1965இல் கோடாக் கொண்டுவந்த சூப்பர் 8 பிலிமில் ஓர் அடிக்கு 72 ஃப்ரேம்கள். நொடிக்கு 24 ஃப்ரேம் என்று ஓட்டினால் ஓர் அடி மூன்று நொடியில் தீர்ந்துவிடும். கடையில் விற்ற சிறிய சக்கரம் 200 அடி கொள்ளும். முழுக்கச் சுற்றினாலே பத்து நிமிடம்தான். முன்னும் பின்னும் வெற்று பிலிம் போக மிஞ்சுவதே படம். ‘ஸ்டார் வார்ஸ்’ முழுவதையும் வேண்டுமென்றால் 2,400 அடிக்கு மேல், அதாவது பன்னிரண்டு சக்கரங்களுக்கும் அதிகம் ஆகும். யார் வாங்குவார்கள்?

வெட்டுகிறவர் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. கதை முழுவதையும் ஓட்டமாய் ஓடிச் சொல்லலாம். இல்லை, நல்ல காட்சி ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம். முதல் வகை பெரும்பாலும் ரயில் ஜன்னல் வழியே ஊர் பார்த்த கதைதான். இரண்டாவது வகையில்தான் கத்திரி பிடித்தவரின் கை தெரிகிறது என்பது என் கட்சி.

ஒரு சூப்பர் 8 ஃப்ரேமின் அகலம் 6 மில்லிமீட்டர்கூடக் கிடையாது, உயரம் 4. ஓர் அரிசியை வைத்தால் படத்தில் பாதி மறைந்துவிடும். அதைச் சுவரில் ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு விரித்தால் 250 மடங்குக்கு மேல் பெருக்கம். ஃபிலிமில் உட்கார்ந்த தூசு கதாநாயகியின் மூக்கில் கரப்பான்பூச்சியாக நிற்பது இதனால்தான். டூரிங் டாக்கீஸ் வாசலில் பொறுக்கிய பிலிம் துண்டை, தண்ணீர் நிரப்பிய ஃபியூஸ் பல்பின் முன்னால் பிடித்து அப்பாவின் வேட்டியில் படம் காட்டியவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒலியை எங்கே வைத்தார்கள் என்பதுதான் எனக்கு இதில் மிகப் பிடித்த சங்கதி. பிலிமின் ஓரத்தில் டேப் ரிக்கார்டர் நாடாவைப் போல ஒரு காந்தப் பூச்சு. மறு ஓரத்திலும் ஒரு மெல்லிய பூச்சு உண்டு. சுற்றும்போது ஒரு பக்கம் மட்டும் தடித்துச் சுருள் சாய்ந்துவிடக் கூடாதே என்று போட்டது. ஆனால் ஒரு படத்துக்குரிய ஒலி அந்தப் படத்தின் பக்கத்தில் இருக்காது. 18 ஃப்ரேம் முன்னால் இருக்கும். லென்ஸுக்குப் பின்னால் பிலிம் ஓடுவதில்லை. ஒரு கொக்கி துளையைப் பிடித்து இழுக்கிறது, நிறுத்துகிறது, மறுபடி இழுக்கிறது. நொடிக்கு 24 தடவை. அங்கேயே ஒலியையும் படித்தால் பாட்டு விக்கலாகத்தான் கேட்கும். அதனால் பிலிமை ஒரு தொய்வான வளையமாக விட்டு, அந்தக் குலுக்கல் அடங்கிச் சீராக ஓடும் இடத்தில் ஒலித்தலையை வைத்தார்கள். படத்துக்கும் ஒலிக்கும் முக்கால் நொடி இடைவெளி. அறுந்த பிலிமை ஒட்டும்போது இரண்டு ஃப்ரேம் போனால், படம் ஓரிடத்தில் குதிக்கும். ஒலி வேறோரிடத்தில் குதிக்கும்.

சிக்கனத்தில் இவர்களுக்கெல்லாம் முன்னோடி பிரான்ஸின் பத்தே நிறுவனம். 1922 கிறிஸ்துமஸுக்கு அது ‘பத்தே பேபி’ என்ற கையால் சுற்றும் வீட்டுப் புரொஜெக்டரை விற்பனைக்கு விட்டது. பிலிமின் அகலம் 9.5 மில்லிமீட்டர். துளைகளை ஓரத்தில் போட்டால் இடம் வீணாகும் என்று, இரண்டு ஃப்ரேம்களுக்கு நடுவே ஒரே ஒரு துளை. பிலிமின் அகலம் கிட்டத்தட்ட முழுவதும் படத்துக்கே கிடைத்தது. கொக்கி தடம் தவறினால் மட்டும் படத்தின் நடுமார்பிலேயே கீறல் விழும்.

அதைவிடக் கெட்டிக்காரத்தனம் வசன அட்டையில். அது மௌனப் படக் காலம். ஐந்து நொடி அட்டை காட்ட, நொடிக்கு 16 ஃப்ரேம் வீதம், ஒரே எழுத்துகளை 80 தடவை அச்சடிக்கவேண்டும். அறுபது சென்டிமீட்டர் பிலிம் வீண். பத்தே என்ன செய்தது? அட்டைக்கு ஓரிரு ஃப்ரேம் மட்டும் அச்சடித்து, பிலிமின் விளிம்பில் ஒரு சிறு வெட்டு போட்டது. புரொஜெக்டரிலுள்ள ஒரு விரல் அந்த வெட்டைத் தடவிக் கண்டதும் பிலிம் நின்றுவிடும். கை சுற்றிக்கொண்டே இருக்கும், அட்டை அசையாமல் நிற்கும், படித்து முடித்ததும் படம் தானே கிளம்பும்.

நின்ற ஃப்ரேம் விளக்குச் சூட்டில் பற்றிக்கொள்ளாதா? விளக்கு சிறியது, அதோடு இந்த பிலிமே வேறு சாதி. அந்தக் காலத் தியேட்டர் பிலிம் நைட்ரேட். வெடிமருந்துக்குப் பங்காளி, பற்றினால் தண்ணீருக்குள்ளும் எரியும். அதைக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குள் விட முடியாது என்பதால் வீட்டு பிலிமை அசிடேட்டில் செய்தார்கள். தியேட்டர் பிரதிகள் எரிந்தன, மக்கின, உள்ளிருந்த வெள்ளிக்காக உருக்கப்பட்டன. வீட்டுச் சுருக்கங்களோ பரணில் கிடந்தன. மூலம் தொலைந்து, இந்தச் சுருக்கம் மட்டும் எஞ்சிய மௌனப் படங்கள் உண்டு.

ஆனால் எரியாத அசிடேட்டுக்கு வேறு வியாதி. சூடும் ஈரமும் சேர்ந்தால் அது சிதைந்து அசிட்டிக் அமிலத்தைக் கக்கும், அதாவது வினிகர். அந்த அமிலமே மேலும் சிதைவைத் தூண்டும். பிலிம் சுருங்கி, துளைகளின் இடைவெளி குறைந்து, கொக்கிக்குச் சிக்காமல் போகும். ஆவி பக்கத்து டப்பாவையும் தொற்றும். மூக்கு முதலில் போவது இதற்குத்தான்.

வண்ணப் பிரதி என்றால் இன்னொரு சோதனை. பிலிமில் சயான், மெஜந்தா, மஞ்சள் என்று மூன்று சாயங்கள். சிவப்பு ஒளியைத் தடுப்பது சயான். பழைய ஈஸ்ட்மன் பிலிமில், இருட்டு டப்பாவுக்குள் சும்மா இருந்தாலே அதுதான் முதலில் மங்கும். தடுக்க ஆளில்லாத சிவப்பு பெருகி, பசும்புல்லும் நீலக் கடலும் ரோஸ்மில்க் நிறத்துக்கு வந்துவிடும். கறுப்பு வெள்ளையில் படத்தைத் தாங்குவது வெள்ளித் துகள். அதற்கு இந்தக் கவலையில்லை.

அப்படிப்பட்ட கறுப்பு வெள்ளைச் சுருக்கம் ஒன்று 1950களின் நடுவில் இங்கிலாந்தில் கெவின் பிரவுன்லோ என்ற பள்ளிக்கூடப் பையன் கைக்கு வந்தது. ஏபெல் கான்ஸ் இயக்கி 1927இல் பாரிஸ் ஆப்பெராவில் திரையிட்ட ‘நெப்போலியன்’ படத்தின் 9.5 மில்லிமீட்டர் பிரதி, இரண்டே சுருள். வீட்டுச் சுவரில் ஓட்டிப் பார்த்தவன் அசந்துபோனான். மிச்சம் எங்கே என்று தேட ஆரம்பித்தான். துண்டு துண்டாகச் சேர்த்து ஒட்டும் வேலை பல பத்தாண்டுகள் நீண்டது. 2016இல் வெளிவந்த பதிப்பு ஐந்தரை மணி நேரம் ஓடுகிறது.

அதற்கு வெகு முன்பே, 1979இல், பிரவுன்லோ அதுவரை சேர்த்திருந்ததை அமெரிக்காவின் டெல்லுரைடு திரைப்பட விழாவில் திறந்தவெளியில் காட்டினார்கள். படத்தின் முடிவில் திரை மூன்றாக விரியும். மூன்று புரொஜெக்டர்கள் ஒரே நேரத்தில் ஓடவேண்டும். விழாவுக்கு வந்திருந்த கான்ஸுக்கு வயது 89. மலையூரின் குளிரில், தன் ஹோட்டல் அறை ஜன்னலிலிருந்து அவர் அதைப் பார்த்தார்.