வைக்கோல் கன்று

எங்கள் வீட்டுத் தொழுவத்தின் பரணில், ஒடிந்த ஏர்க்கால்களுக்கும் இற்றுப்போன தாம்புக் கயிறுகளுக்கும் நடுவே, ஒரு கன்றுக்குட்டி பல வருஷங்கள் கிடந்தது. மூங்கில் குச்சிகள் நான்கு அதற்குக் கால்கள்; கண்கள் இருந்த இடத்தில் இரண்டு துளைகள்; வயிற்றின் அடியில், சாக்குத் தைக்கும் கோணூசியால் இழுத்துப் போட்ட தையல். உயிரோடு இருந்த இருபது நாளும் அது முற்றத்தில் துள்ளித் திரிந்த காளைக் கன்றுதான். வழக்கமாக இரண்டு காம்புகளைக் கன்றுக்கென்று விட்டுவிடும் எங்கள் வீட்டில், அத்தையின் கல்யாணத்துக்காக வந்து தங்கியிருந்த உறவினர் கூட்டத்தின் காப்பித் தேவையை முன்னிட்டு அந்த இரண்டு ஒன்றாகி, ஒன்றும் அரையாகிப் போக, கன்று ஒருநாள் விடியற்காலையில் எழுந்திருக்கவில்லை.

தாய்ப்பசு இரண்டு நாள் கத்தியது. மூன்றாம் நாள் கத்துவதை நிறுத்திவிட்டுப் பாலையும் அடக்கிக்கொண்டது. எவ்வளவு பிடித்துக் கறந்தாலும் செம்பின் அடி நனைந்ததேயன்றி நிறையவில்லை. பால் கறக்க வரும் கோனார், செத்த கன்றின் தோலை உரித்துச் சாம்பல் தடவி உலர்த்தி, வைக்கோல் அடைத்துத் தைத்து, அதன் முதுகில் உப்புத் தண்ணீர் தெளித்துக் கொண்டுவந்து பசுவின் முகத்துக்கு நேரே நிறுத்தினார். பசு முகர்ந்தது, சற்றுப் பின்வாங்கியது, மறுபடியும் முகர்ந்து, பிறகு காதுகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, முதுகிலிருந்து வால் வரைக்கும் நிதானமாக நக்கத் தொடங்கியது. நக்க நக்க மடி இறுகிப் பளபளத்ததையும், காம்பின் நுனியில் தானாகவே ஒரு சொட்டு வந்து நின்றதையும் நான் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தேன்.

"இது தன் கன்று இல்லை என்று அதற்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"தெரியாம இருக்குமா தம்பி? அதுக்குத் தெரியும். மடிக்குத்தான் தெரியாது" என்றார் கோனார்.

பிராணிகளுக்கு மனம் உண்டா, துக்கமும் பிரியமும் உண்டா என்று அறிஞர்கள் நூற்றாண்டுக் கணக்காக நடத்திவந்திருக்கும் விவாதங்களைப் பிற்காலத்தில் படிக்க நேர்ந்தபோதெல்லாம், பரணில் கிடந்த அந்த வஸ்து என் ஞாபகத்துக்கு வராமல் இருந்ததில்லை. பிராணிகள் கடிகாரத்தைப் போன்ற இயந்திரங்களே என்னும் சித்தாந்தத்தைப் 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் தத்துவஞானி தெகார்த் ஸ்தாபித்தார். இல்லை, மனிதனுடைய உணர்ச்சிகளுக்கும் அவற்றின் உணர்ச்சிகளுக்கும் வேர் ஒன்றுதான் என்று 1872-இல் டார்வின் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். 2012-ஆம் வருஷம் ஜூலையில் கேம்பிரிட்ஜில் கூடிய மூளையியல் அறிஞர்கள், பாலூட்டிகளுக்கும் பறவைகளுக்கும் பிரக்ஞைக்கு வேண்டிய நரம்பமைப்பு இருக்கிறது என்று பிரகடனம் செய்தார்கள். அந்தப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கிணற்றில் நீர் ஊறவில்லை என்பதற்காக அதன் முன்னால் எவரும் பொம்மை வைப்பதில்லை. செக்கு ஆடவில்லை என்றால் அதை ஏமாற்றப் பார்ப்பதில்லை. மனம் இருக்கும் இடத்தில்தான் வஞ்சனைக்கு வேலை உண்டு. வைக்கோல் கன்றை முதன்முதலில் தைத்தவன் எவனோ, அவன் பசுவின் வாத்ஸல்யத்தைச் சந்தேகமற நம்பியவன். நம்பியதனால்தான் அதன்மேல் தன் ஜீவனத்தை ஏற்றி வைத்தான்.

உடற்கூற்று சாஸ்திரமும் கோனாரின் கட்சிதான். கன்றின் வாயும் வாசனையும் பட்டவுடன் பசுவின் மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் என்னும் சுரப்பு ரத்தத்தில் கலந்து மடிக்குப் போய்ப் பாலை இறக்குகிறது. பயமோ கலக்கமோ ஏற்பட்டால் அந்த இறக்கம் தடைப்படுகிறது. இதைக் கண்டறிந்த விஞ்ஞானத்தின் உபகாரத்தால் இப்போது வைக்கோல் கன்றும் வேண்டியதில்லை என்றாகி, அந்தச் சுரப்பையே சிறு புட்டியில் அடைத்து வைத்துக்கொண்டு, கறவைக்கு முன்னால் திருட்டுத்தனமாக ஊசி போடுகிறவர்கள் நாட்டில் பல இடங்களில் இருக்கிறார்கள். அதற்கும் முந்திய முறை ஒன்று இருந்தது. அதைச் சொல்லவே நாக்கூசுகிறது. கன்றில்லாத பசுவின் பிறப்புறுப்பில் காற்றை ஊதிப் பாலை இறக்கும் 'பூக்கா' என்னும் கொடுமையைப் பற்றிக் கல்கத்தாவிலிருந்து வந்த பிரசுரங்களில் படித்த காந்தியடிகள், 1912-இல் தென்னாப்பிரிக்காவின் டால்ஸ்டாய் பண்ணையில் பாலையே விட்டார். பின்னர் இந்தியாவில் கடும் நோயுற்றுக் கிடந்தபோது, விரதம் எடுத்த காலத்தில் மனத்தில் இருந்தது பசுவும் எருமையுந்தானே என்ற சமாதானத்தின் பேரில், கஸ்தூரிபாயின் வற்புறுத்தலுக்கு இணங்கி ஆட்டுப்பால் அருந்தினார். விரதத்தின் எழுத்தைக் காத்து அதன் உயிரை விட்டுவிட்டேன் என்ற கருத்தில் சுயசரிதையில் தம்மையே நொந்துகொள்ளவும் செய்தார். நமக்கு அந்த நோவுகூட வருவதில்லை.

ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்ய சபையில் தனி அங்கத்தினராகக் கொண்டுவந்த மசோதாவின் விளைவாகப் பிறந்த 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம், பூக்காவையும் பின்னர் ஊசியையும் தனிக் குற்றமாகவே எடுத்துச் சொல்லித் தண்டனை விதிக்கிறது. அதே சட்டத்தில், பிராணியை அடிப்பது, அளவுக்கு மீறிச் சுமையேற்றுவது முதலிய மற்றக் கொடுமைகளுக்கு முதல் தடவை அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய்.

பால் வியாபாரத்தில் கண்ட, பிராணியின் மனத்தை அறியும் இதே ஞானம், கறி வியாபாரத்தில் இன்னும் கூர்மையாகவே இருக்கக் காண்கிறோம். அமெரிக்க நாட்டு இறைச்சிக்கூடங்களில் 'யூதாஸ் ஆடு' என்று ஒன்றைப் பழக்கி வைத்திருந்தார்கள். புது இடத்தின் வாடையால் மிரண்டு நிற்கும் செம்மறிக் கூட்டத்துக்கு முன்னால் அது நிதானமாக நடந்து போகும். முன்னால் போகிறவனை நம்பிப் பின்தொடர்வது செம்மறியின் ஸ்வபாவமாகையால் கூட்டம் முழுவதும் அதன் பின்னே போகும். கொலைக்கூடத்தின் வாசலில் அந்த ஆட்டை மட்டும் பக்கவழியாக விலக்கி அழைத்துக்கொண்டு, அடுத்த கூட்டத்தை அழைத்துவரத் திருப்பி அனுப்புவார்கள். நெடுநேரம் கலவரப்பட்டு வெட்டுண்ட மாட்டின் தசையில் சர்க்கரைச் சத்து தீர்ந்துபோய், இறைச்சி கறுத்து, இறுகி, விலை போகாமல் நிற்கும் என்பதும் அந்தத் தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரிந்த கணக்கு. டெம்பிள் கிராண்டின் என்ற அமெரிக்கப் பெண்மணி, மாடுகள் செல்லும் ஒடுங்கிய பாதைக்குள் தாமே இறங்கி நடந்து, தொங்கும் ஒரு சங்கிலியும் வேலியில் போட்ட ஒரு சட்டையும் தரையில் விழும் ஒரு நிழலும் அவற்றை எப்படி மிரட்டுகின்றன என்று பார்த்து, அவை மிரளாமல் நடந்து போகும்படியான வளைந்த பாதைகளை வகுத்துக் கொடுத்தார். அது கருணையா, காரியமா என்று எனக்கு நிர்ணயிக்க முடியவில்லை. இரண்டும் ஒரே பாதையில் போகக்கூடும் என்பதுதான் மனத்தைக் குழப்புகிறது.

செம்மறி ஆடு ஐம்பது ஆட்டு முகங்களை இரண்டு வருஷம் வரை மறவாமல் இனங்காணும் என்று கீத் கெண்ட்ரிக் என்பவரும் அவருடைய சகாக்களும் கேம்பிரிட்ஜை அடுத்த பாப்ரகாம் ஆராய்ச்சி நிலையத்தில் பரிசோதித்து 2001-இல் வெளியிட்டார்கள். கிடை போடுகிற எந்தக் கீதாரியிடம் இதைச் சொன்னாலும், இதற்கு ஒரு நிலையம் வேண்டுமா என்றுதான் கேட்பார்.

ஆகவே, தெரியாமல் செய்தோம் என்ற சமாதானம் நமக்குக் கிடையாது. கறி உண்ணாத குடும்பத்தில் பிறந்தவன் என்ற முறையில் இதில் எனக்குச் சம்பந்தமில்லை என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். புலால் மறுத்தலையும் கொல்லாமையையும் வள்ளுவர் துறவறவியலில் அல்லவா வைத்தார் என்று கறி உண்ணும் நண்பர்கள் சொல்லும்போது, இது வக்கீல்கள் பேசும் நியாயம் என்று சிரித்தும் இருக்கிறேன். கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்ததற்காகத் தன் மகன்மேல் தேரை ஓட்டிய மனுநீதிச் சோழனின் கதையை நாம் சொல்கிறோம். கடல் கடந்த மகாவம்சமும் எல்லாளன் பேரில் அதையே சொல்கிறது. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த அதே ஊர்களில்தான் வைக்கோல் கன்றும் தைக்கப்பட்டது. எங்கள் வீட்டுக் கன்றைத் தேரேற்றிக் கொன்றவர் எவருமில்லை. அது காப்பியில் செத்தது. பால் வற்றிய பசுவும், உழவுக்கு உதவாத காளைக் கன்றும் எந்தச் சந்தை வழியாக எங்கே போய்ச் சேர்கின்றன என்பதைப் பால் குடிக்கிறவர்கள் விசாரிப்பதில்லை. விசாரிக்காத அந்தச் சௌகரியத்துக்குச் சைவம் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறோமோ என்ற சந்தேகம் எனக்கு இந்த வயதில் வந்திருக்கிறது.

இவ்வளவும் பழைய பாவம். பழைய பாவத்தில் ஒரு நாணயம் இருந்தது: பிராணியின் மனத்தை அறிந்தாலன்றி அந்தத் தொழில்கள் நடவா. நாமக்கல் வட்டாரத்து முட்டைப் பண்ணை ஒன்றைப் பார்க்கப் போனபோதுதான், அந்த அறிவே வேண்டாத ஒரு தொழிலும் உண்டு என்பது எனக்கு விளங்கிற்று. நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டை புறப்படும் பிரதேசம் அது. பள்ளிக்கூடத்துச் சத்துணவுத் தட்டில் விழும் முட்டையும் அத்தகைய கொட்டகைகளிலிருந்துதான் வருகிறது என்பதை நான் மறக்கவில்லை. நீண்ட கொட்டகை, அடுக்கடுக்காய்க் கம்பிக் கூண்டுகள், ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் நாம் கடிதம் எழுதும் முழுத்தாளைக் காட்டிலும் குறைவு. ஒன்றையொன்று கொத்திக்கொள்ளாதிருக்கக் குஞ்சுப் பருவத்திலேயே காய்ச்சிய தகட்டால் அலகின் நுனியைத் தீய்த்துவிடுகிறார்கள். முட்டையிடாத சேவற்குஞ்சுகள் பொரித்த அன்றே கழிக்கப்பட்டு விடுகின்றன. பசுவை நக்கவைக்க வேண்டும். ஆட்டை நம்பவைக்க வேண்டும். இந்தக் கோழியையோ எதையும் நம்பவைக்க வேண்டியதில்லை. வெளிச்சத்தையும் தீவனத்தையும் மணிக்கணக்குத் தவறாமல் கொடுத்தால், அது என்ன நினைத்தாலும் நினைக்காவிட்டாலும் முட்டை உருண்டு வந்து பள்ளத்தில் விழுகிறது.

நான் நின்ற இடத்துக்கு நேரே, மேல் வரிசையில் இருந்த ஒரு கோழி மெள்ளச் சாய்ந்து படுத்தது. இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு, ஒரு பக்கத்துக் காலால் கம்பியைப் பிறாண்டி, இல்லாத புழுதியை வாரி வாரித் தன் முதுகில் போட்டுக்கொள்வதுபோல் சிறகை அடித்தது. எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டில் சாம்பலில் நாட்டுக்கோழிகள் உச்சிவேளையில் புரளும் அதே சடங்கு. ஒரு துளி மண் கிடையாது. பக்கத்துக் கோழியின் கால் அதன் கழுத்தின்மேல் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு சிறிது நேரம் அப்படியே செய்தது. பிறகு எழுந்து, மேலிருந்து தூசி உதிர்க்கிற பாவனையில் உடம்பை ஓர் உலுக்கு உலுக்கியது. எங்கள் பசுவுக்கு வைக்கோல் கன்றைப் பிறர் செய்து கொடுத்தார்கள். இந்தக் கோழி தன் புழுதியைத் தானே செய்துகொண்டது.

ரூத் ஹாரிஸன் என்ற ஆங்கில மாது 1964-இல் இத்தகைய பண்ணைகளைப் பற்றி எழுதிய புத்தகம் பிரிட்டிஷ் சர்க்காரையே உலுக்கியது. மறு வருஷம் பிராம்பெல் கமிட்டி கேட்டதெல்லாம், ஒரு பிராணி எழுந்து நிற்கவும், படுக்கவும், திரும்பவும், உடம்பைக் கோதிக்கொள்ளவும், அவயவங்களை நீட்டவும் இடம் வேண்டும் என்பதுதான். அந்த இடமில்லாத கூண்டுகளை ஐரோப்பிய ஒன்றியம் விலக்க 2012 வரை பிடித்தது. நம் நாட்டில் சட்ட ஆணையம் 2017-இல் இதுபற்றி அறிக்கை கொடுத்தது. கொட்டகையில் கூண்டுகள் அப்படியேதான் இருக்கின்றன. கூண்டு முட்டையையும் ஊசிப் பாலையும் நான் விலக்கிவிட்டேன். காப்பியை இன்னும் விலக்கவில்லை. கிடையில் தான் வளர்த்த கிடாயைத் தானே அறுக்கிறவனைக் குறைசொல்ல இந்த விரதம் போதாது என்பது எனக்குத் தெரியும்.

ஆடி மாதத்தில் எங்கள் ஊர் எல்லைக் கோயிலில் கிடா வெட்டுவார்கள். சென்னை ராஜ்யத்தில் 1950-இலேயே இதைத் தடுக்கச் சட்டம் ஏற்பட்டு, அரை நூற்றாண்டு தூங்கி, 2003-இல் எழுப்பப்பட்டு, மறு வருஷமே ரத்துச் செய்யப்பட்டது என்பதெல்லாம் கோட்டையில் நடந்த விஷயம். கோயிலில் உள்ள சட்டம் வேறு: ஆடு சம்மதிக்க வேண்டும். மாலை போட்டு நிறுத்தி, தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீரை ஊற்றி, அது உடம்பைத் துலுக்கினால் உத்தரவு கிடைத்ததாகக் கொண்டு அரிவாளை எடுப்பார்கள், துலுக்காவிட்டால் வெட்டக்கூடாது. சிறுவயதில் ஒருமுறை நான் கூட்டத்தில் முன்வரிசையில் நின்றேன். கறுப்புக் கிடாய், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினார்கள். அது பேசாமல் நின்றது. இரண்டாவது செம்புக்கும் அசையவில்லை. காதில் வழிந்த நீர் சொட்டிக்கொண்டிருக்க, தன்னை வளர்த்த கிழவியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. "பிள்ளைக்கு மனசு வரலியே" என்றாள் அவள். பூசாரி குடத்தைக் கவிழ்த்துப் பார்த்தார், காலியாக இருந்தது. கிணற்றடிக்கு ஒரு பையனை ஓட்டி, நல்ல குளிர்ந்த தண்ணீராக இன்னொரு குடம் கொண்டுவரச் சொன்னார்.