ஜப்பானிய வீட்டுச் சமையலில் மிசோ சூப்பும் கட்லெட்டும்

மிசோ சூப், டொன்கட்சு எனப்படும் பொரித்த கட்லெட் ஆகிய இரண்டும் ஜப்பானியக் குடும்பங்களின் அன்றாட உணவுகளாகும். அங்கு சூப், உணவுக்கு முன் தனியாகப் பரிமாறப்படுவதில்லை. சோறு, தொடுகறி ஆகியவற்றோடு சேர்த்தே வைக்கப்படுகிறது. சோற்றுடன் ஒரு சூப், மூன்று தொடுகறிகள் என்ற இந்த அமைப்புக்கு 'இச்சிஜூ சன்சாய்' என்று பெயர்.

ஓசூர்–மாலூர் சாலையில் கர்நாடக எல்லையை ஒட்டியுள்ள பாகலூர்ப் பகுதியில் கேழ்வரகுக் களியோடு சாறு உண்ணும் வழக்கம் உண்டு. முதன்மை உணவும் அதற்குத் துணையான நீர்மமும் என்ற முறை இரு இடங்களுக்கும் பொதுவானது. ஓசூருக்கு ஜப்பானியத் தொழில்துறையோடு பழைய தொடர்பும் உண்டு. டிவிஎஸ் நிறுவனம் 1980களில் சுசுகியுடன் கூட்டுச் சேர்ந்து இங்கு இருசக்கர வாகனங்களைத் தயாரித்தது. அக்கூட்டு 2001இல் முடிவுக்கு வந்தது.

டாஷியும் மாசிக் கருவாடும்

மிசோ சூப்பின் அடிப்படை 'டாஷி' என்னும் வடிநீர் ஆகும். கொம்பு என்னும் கடற்பாசியையும், கட்சுவோபுஷி என்னும் உலர்மீன் சீவலையும் கொண்டு இது தயாரிக்கப்படுகிறது. கட்சுவோபுஷி என்பது சூரை மீன் வகை ஒன்றை வேகவைத்து, புகையூட்டி, உலர்த்திச் செய்யப்படுவது. மாலத்தீவு, இலட்சத்தீவுகளில் இருந்து வரும் மாசிக் கருவாடும் பெரும்பாலும் இதே வகை மீனில், ஏறத்தாழ இதே முறையில் செய்யப்படுவதாகும். எனவே மாசிச் சம்பல் உண்டவர்களுக்கு டாஷியின் சுவை அறிமுகமானதாகவே இருக்கும்.

1908இல் கிகுனே இக்கேடா என்ற வேதியியலாளர், கொம்புவின் சுவைக்குக் காரணம் குளூட்டமேட் எனக் கண்டறிந்து, அச்சுவைக்கு 'உமாமி' எனப் பெயரிட்டார்.

மரக்கறி உண்போர் கவனிக்க வேண்டியது

மிசோ என்பது சோயா அவரையை உப்பு, அரிசி அல்லது பார்லியில் வளர்த்த பூஞ்சை ஆகியவற்றோடு நொதிக்க வைத்த விழுது. மிசோ பொதுவாக மரக்கறிப் பொருளே. ஆனால் காய்கறியும் டோஃபுவும் மட்டும் கண்ணில் படும் சூப்பிலும், டாஷியின் வழியாக மீன் கலந்திருக்கலாம். உடனடிப் பொடிகளிலும் டாஷி சேர்த்த மிசோ வகைகளிலும் இது வழக்கம். ஆகவே பொதியின் மேலுள்ள பட்டியலைப் படிப்பது அவசியம். மீன் வேண்டாதவர்கள் கொம்புவையும் உலர்ந்த ஷிடாக்கே காளானையும் ஊறவைத்த நீரைப் பயன்படுத்தலாம். ஜப்பானின் புத்த மடங்களிலும் இதுவே வழக்கம்.

சூப் செய்முறை

நால்வருக்கு ஏறத்தாழ 600 மில்லிலிட்டர் டாஷி போதும். அதில் கேரட், முள்ளங்கி போன்றவற்றை முதலில் வேகவைத்து, பிறகு டோஃபுத் துண்டுகளைச் சேர்க்க வேண்டும். அடுப்பை அணைத்த பின்னரே மிசோவைக் கரைத்துவிட வேண்டும். கொதிக்கவிட்டால் அதன் மணம் போய்விடும்.

மிசோவில் ஏற்கெனவே உப்பு இருப்பதால் தனியாக உப்பு சேர்ப்பதில்லை. 12 விழுக்காடு உப்புள்ள மிசோவில் 12 கிராம் எடுத்தால், ஒரு கிண்ணத்தில் சுமார் 1.4 கிராம் உப்பு இருக்கும். வளர்ந்தவர்கள் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு கொள்ள வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் மிசோவைக் குறைத்து, காய்களைக் கூட்டுவது நல்லது.

கட்லெட்டின் வரலாறு

ஜப்பானில் 675இல் தென்மு பேரரசர் சில விலங்குகளின் இறைச்சியைத் தடை செய்தார். இறைச்சி உண்பதில் தயக்கம் பல நூற்றாண்டுகள் நீடித்தது. 1872இல் மெய்ஜி பேரரசர் மாட்டிறைச்சி உண்டது வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. அதன்பின் மேலைநாட்டு உணவுகள் பரவின. பிரெஞ்சுச் சொல்லான 'கோத்லெத்' ஆங்கிலத்தில் கட்லெட் ஆகி, ஜப்பானில் 'கட்சுரெட்சு' என்றாகிச் சுருங்கி 'கட்சு' ஆனது. 'டொன்' என்றால் பன்றி. டோக்கியோவின் கின்சா பகுதியிலுள்ள ரெங்காதெய் உணவகம் 1899இல் பன்றிக் கட்லெட்டை எண்ணெயில் முழுக்கிப் பொரித்துத் தந்தது எனக் கூறப்படுகிறது. 'கட்சு' என்ற ஒலிக்கு வெல்லுதல் என்றும் பொருள் இருப்பதால், தேர்வுக்கு முன் மாணவர்கள் இதை உண்பதும் உண்டு.

உருளைக்கிழங்கை மசித்துச் செய்யும் 'கொரொக்கே', நம் தேநீர்க் கடைகளின் காய்கறிக் கட்லெட்டுக்கு நெருங்கிய உறவு.

கட்லெட் செய்முறை

1 முதல் 1.5 சென்டிமீட்டர் கனமுள்ள இறைச்சித் துண்டில் உப்பும் மிளகுத்தூளும் தடவி, மைதா, அடித்த முட்டை, ரொட்டித் தூள் என்ற வரிசையில் தோய்க்க வேண்டும். மைதா ஈரத்தை உறிஞ்சும். முட்டை தூளைப் பிடித்துக்கொள்ளும். ரஸ்க் தூள் பொடியாக இருப்பதால் மேல்பூச்சு இறுகிவிடும். ஒரு நாள் பழைய ரொட்டியின் ஓரங்களை நீக்கிப் பெரிதாகத் துருவினால் மொறுமொறுப்பு கிடைக்கும்.

எண்ணெய் ஏறத்தாழ 170 பாகை செல்சியசில் இருக்க வேண்டும். ஒரு துளி ரொட்டித் தூளை இட்டால் அது பாதி ஆழம் சென்று மேலே எழும். சூடு குறைந்தால் எண்ணெய் குடிக்கும். மிகுந்தால் வெளியே கருகி உள்ளே வேகாது. கோழியின் உட்பகுதி 74 பாகையை எட்ட வேண்டும். பன்றி இறைச்சியையும் முழுமையாக வேகவிட வேண்டும். கொரொக்கேயின் உள்ளீடு முன்பே வெந்திருப்பதால் 180 பாகையில் நிறம் மாறும் வரை பொரித்தால் போதும்.

பொரித்ததைக் கம்பித் தட்டில் இரண்டு மூன்று நிமிடம் வைத்து நறுக்கி, மெல்லிதாக அரிந்த பச்சை முட்டைக்கோசுடன் பரிமாறுவர். ஓசூர் வட்டாரத்தில் முட்டைக்கோசு பயிராவதால் அதற்குத் தட்டுப்பாடில்லை. நன்கு கழுவிக் குளிர்நீரில் சற்று ஊறவைத்தால் அது மொறுமொறுப்பாக இருக்கும்.